அமிட்ரிப்டிலின்: பழசு என்று தள்ளவும் வேண்டாம், பெட்டியில் குவிக்கவும் வேண்டாம்

கிருலப்பனை ஹைலெவல் வீதிப் பார்மசிகளில் சின்னக் காகித உறைக்குள் போட்டு, மேலே ‘இரவு 1’ என்று எழுதித் தரும் குளிசைகளில் அமிட்ரிப்டிலினும் உண்டு. சீனி வருத்தத்தால் கால் எரிகிறவருக்கு 10 அல்லது 25 மில்லிகிராம். மனச்சோர்வுக்கு அளவு பல மடங்கு கூடும். இது ‘விசருக்குத் தாற மருந்து’ என்று பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அந்தப் பயம் வீண். பயப்பட வேண்டிய இடம் வேறு.

சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் வைத்தியசாலையில் ரோலண்ட் கூன் என்ற வைத்தியர், மனச்சிதைவுக்குப் பலிக்காத இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வில் கிடந்தவர்களை எழுப்புவதைக் கண்டு 1957இல் எழுதினார். அதே குடும்பத்தில் 1961இல் வந்ததுதான் அமிட்ரிப்டிலின். புதிய மருந்துகள் இருக்க இது எதற்கு என்று கேட்கலாம். முதலில் புதியதைத் தொடங்குவதே சரி. ஆனால், 522 ஆய்வுகளைத் திரட்டி 21 மருந்துகளை ஒப்பிட்டு 2018இல் லான்செட் சஞ்சிகையில் வந்த கட்டுரையில், பலனில் முன்னுக்கு நின்றது இந்தப் பழைய மருந்துதான். வாய் வறட்சி, மலச்சிக்கல், தூக்கம் ஆகிய தொல்லைகளும் இதில் அதிகம். கண் அழுத்தம், புரஸ்டேட் வீக்கம், இதய நோய் உள்ளவர்கள் அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

உண்மையான ஆபத்து, அளவு மீறினால் இது இதயத் துடிப்பையே குழப்பிவிடும் என்பது. இதற்கு என்ன செய்வது என்பதை இலங்கை ஏற்கெனவே கற்றிருக்கிறது. 1995இல் இங்கே இலட்சம் பேரில் ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. நெருக்கடியான அந்த நேரத்தில் நஞ்சு கைக்கெட்டாவிட்டால் மனிதர் பிழைத்துக்கொள்கிறார். குளிசைக்கும் அதுதான் கணக்கு: மனச்சோர்வு கடுமையாக உள்ளவருக்கு ஒன்றிரண்டு கிழமைக்கு மேல் ஒரேயடியாகக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு கிழமையும் கிளினிக் வந்தால் நாட்கூலி போய்விடும் என்பார்கள், நியாயம்தான். அப்படியானால் உறை அம்மாவிடமோ அண்ணனிடமோ இருக்கட்டும். இது நோயாளியை அவமதிப்பது ஆகாதா? அவரிடம் கேட்காமல் பறித்தால் ஆகும். கேட்டுச் சம்மதத்தோடு செய்தால் ஆகாது.

பக்கவிளைவு முதல் நாளே வரும், மனம் தெளிய இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். அந்த இடைவெளியில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தாங்க முடியாவிட்டால் திடீரென்று நிறுத்தாமல் வைத்தியரிடம் திரும்பிப் போங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தை அழையுங்கள்.