உஷார்! பல் எடுத்த மூன்றாம் நாள் வலி ஏறுகிறதா?

"சித்தி, பல்லைத்தான் எடுத்தாச்சே, அப்புறம் எது இப்படி வலிக்குது?"

சனிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு அக்கா மகன் போனில் கேட்டான். புதன்கிழமை கீழ்த்தாடையில் ஞானப்பல்லை எடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை வலி நன்றாகவே குறைந்து, ஆறவைத்த இட்லியைப் பிசைந்து சாப்பிட்டிருக்கிறான். சனிக்கிழமை மாலை மறுபடி கிளம்பிய வலி காதுக்குள் புகுந்து நெற்றிப்பொட்டு வரை தெறித்தது. வலி மாத்திரைக்கு அடங்கவில்லை. "எடுத்த இடம்னா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ" என்று வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் அதையேதான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

பல் எடுத்த வலி நாளுக்கு நாள் இறங்க வேண்டும். வீக்கம் இரண்டு மூன்று நாள் வரை ஏறும், பிறகு வடியும். இறங்கிய வலி திரும்ப ஏறினாலோ, மூன்று நாள் கழித்தும் கன்னம் மேலும் பெருத்தாலோ, புண் ஆறவில்லை, உள்ளே ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கே பொறுமை உதவாது.

அவனுக்கு வந்ததை 'டிரை சாக்கெட்' என்பார்கள். பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து மூடிபோல் நிற்கும். அடியில் இருக்கும் எலும்புக்கும் நரம்பு நுனிகளுக்கும் அதுதான் போர்வை. புதுச் சதை வளர்வதும் அதைப் பற்றிக்கொண்டுதான். அந்த உறைவு கரைந்தாலோ பெயர்ந்தாலோ எலும்பு வெறுமையாகிவிடும். எச்சிலும் சோற்றுப் பருக்கையும் நேராக அதில் போய்ப் படும். சாதாரணமாகப் பல் எடுப்பவர்களில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு இது வருகிறது. எலும்புக்குள் புதைந்து கிடக்கும் கீழ் ஞானப்பல் என்றால் நூற்றுக்கு 30 வரை போகலாம். புண்ணின் மேல் வெளிர் மஞ்சளாகப் படலம் தெரிந்தாலே சீழ் என்று பயந்துவிடாதீர்கள், ஆறும் புண்ணில் அது இயல்பு. கடும் வலியும் வாய் நாற்றமும் வெறும் குழியும் சேர்ந்து வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பல் மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினால், பெரும்பாலும் அன்றைக்கே வலி தணிந்துவிடும். அந்த மருந்துகள் பலவற்றில் கிராம்பிலிருந்து கிடைக்கும் யூஜினால் இருக்கிறது. அதைக் கேட்டதும் வீட்டில் இருக்கும் கிராம்பு எண்ணெயைக் குழிக்குள் ஊற்றாதீர்கள். நேராகப் பட்டால் சதை வெந்துபோகும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் ஒதுக்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது ஈறைப் புண்ணாக்குவதோடு ரத்தக் கசிவையும் கூட்டும்.

உறைவை நாமே பெயர்ப்பதுதான் அதிகம். முதல் நாளே உப்புத் தண்ணீரை வைத்துக் கொளகொளவென்று கொப்பளிப்பது, ரத்தம் தெரிகிறதே என்று நிமிடத்துக்கு ஒருமுறை காறித் துப்புவது, நாக்கு நுனியால் குழியைத் துழாவுவது. உப்புத் தண்ணீர் நல்லதுதான், 24 மணி நேரம் கழித்து, மெதுவாக. இளநீர் குடியுங்கள், ஆனால் ஸ்ட்ரா வேண்டாம். வாயால் உறிஞ்சும் இழுப்பிலேயே உறைவு வந்துவிடலாம், டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம். பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எதுவும் கூடவே கூடாது. கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கும் இந்த ஆபத்து சற்று அதிகம், மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டிரை சாக்கெட் வலியில் துடிக்க வைக்கும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. நான் உண்மையில் பயப்படுவது சீழுக்கு. கீழ் ஞானப்பல்லின் வேர் தாடைக்கு அடியில் இருக்கும் இடைவெளியை ஒட்டி நிற்கிறது. கிருமி அங்கே இறங்கினால் நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் பரவி, நாக்கையே மேலே தூக்கி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1836-ல் இதை விவரித்தார், இன்றும் அவர் பெயரில்தான் 'லுட்விக்ஸ் ஆஞ்சைனா' என்கிறார்கள். பெயரைக் கேட்டு இதய நோய் என்று நினைக்க வேண்டாம். ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் இது வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இறந்தார்கள்.

தாடைக்குக் கீழே இரு பக்கமும் கல்லாக வீங்குவது, காய்ச்சல், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிவது, வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் குரல் மாறுவது, படுத்தால் மூச்சுத் திணறுவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் நாமாகவே ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் காய்ச்சல் ஒரு நாள் அடங்கியதுபோல் தோன்றும், தேங்கிய சீழ் அங்கேயேதான் இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் வேகமாகப் பரவும்.

ரத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் நாள் எச்சில் இளஞ்சிவப்பாக வருவது சகஜம். வாய் நிறையச் சிவப்பாக வந்தால் புதுப் பஞ்சை மடித்துக் குழியின் மேல் வைத்து, அரைமணி நேரம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திக் கடியுங்கள். அப்போதும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது, இதய மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மறுநாளும் உதடும் நாக்கும் மரத்தே இருந்தால், மேல்பல் எடுத்தபின் குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியே வந்தால், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மேல்பல் எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்பது மட்டும் வெறும் கதை. அந்தப் பயத்தில் மருத்துவரைத் தவிர்க்காதீர்கள்.

உங்கள் வீட்டில் இந்த வாரம் யாராவது ஞானப்பல் எடுத்திருந்தால், காலையிலும் இரவிலும் ஒரு நிமிடம் எதிரே உட்கார வைத்துப் பாருங்கள். நேற்றைவிட வாய் திறக்கிறதா, நாக்கைத் தூக்க முடிகிறதா, ஒரு மடக்குத் தண்ணீர் இறங்குகிறதா? நேற்றைவிட மோசம் என்றால், அப்போதே கூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.