கோபுரத்துக்குக் கேளாத குரல்

திருகோணமலையில் உவர்மலைச் சரிவை அடுத்துள்ள லிங்கநகரில் பல்லாண்டுகளாக வாழ்ந்து வருகின்றேன். மாலை வேளையில் விறாந்தையில் அமர்ந்து மாணாக்கரின் கொப்பிகளைத் திருத்துவது என் வழக்கம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பள்ளிகள் மூடப்பட்டதும் கொப்பிகள் வருவது நின்றது. அவற்றின் இடத்தைக் கைத்தொலைபேசி பிடித்துக்கொண்டது. புணரியலும் யாப்பும் படிப்பித்தே பழகிய எனக்கு அக்கருவி பெருஞ்சோதனையாயிற்று. என் இளைய மகனே எனக்கு ஆசானாக அமைந்தான் என்பதை ஒளிப்பானேன்?

அக்காலத்தில் உயர்தர வகுப்பில் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, கொட்டியாரக்குடாவுக்குத் தெற்கே, ஈச்சிலம்பற்றுப் பக்கத்தாள். நகரில் உறவினர் வீட்டில் தங்கிக் கற்றவள், பள்ளி மூடியதும் ஊர் திரும்பினாள். நான் குரலாகப் பதிந்து அனுப்பும் பாடம் அவளைச் சேர்ந்துவிடும். சேர்ந்தமைக்கு அடையாளமாக இரட்டைக் கோடும் தோன்றும். ஆனால் அவள் விடை மட்டும் வாராது. ஒரு கிழமை பொறுத்தேன். பிறகு, பாடம் கேட்பதில் உள்ள ஊக்கம் எழுதுவதில் இல்லைப் போலும் என்று சற்றுக் கடுமையாகவே எழுதிவிட்டேன். அன்றிரவு பதினொரு மணிக்கு ஆறு படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அத்தனையும் செவ்வனே எழுதப்பட்ட புணர்ச்சிப் பயிற்சிகள். கீழே ஒரு குறிப்பு: "ஐயா, குளக்கட்டில நிண்டு அனுப்புறன். வீட்டில இருந்தா உங்கட குரல் வருது, என்ட படம் போகுதில்லை."

யானை நடமாடும் பருவம் அது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

கோபுரத்தின் குரல் பிள்ளைக்குக் கேட்கிறது. பிள்ளையின் குரல் கோபுரத்துக்குக் கேட்கவில்லை. இஃது ஏன் என்று அறிய விரும்பினேன். எங்கள் பள்ளியின் பௌதிகவியல் ஆசிரியரைத் தொலைபேசியில் நச்சரித்தும், கிடைத்த கட்டுரைகளைத் தட்டுத்தடுமாறிப் படித்தும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதுகின்றேன்.

காரணம் எளியதே. கோபுரம் பல்லாயிரம் மில்லிவாற்று வலுவுடன் பேசுகின்றது. கையிலுள்ள கருவியோ சிறு மின்கலத்தை நம்பி ஏறத்தாழ 200 மில்லிவாற்று வலுவுடன் மட்டுமே விடை கூறுகின்றது. கிட்ட நின்றால் இவ்வேற்றுமை தோன்றாது. தொலைவு மிகுமளவில் முதலில் தேய்ந்து மடிவது எளியவனின் குரலே. மேட்டில் ஏறினால் இடையிலுள்ள மரமும் மண்ணும் விலகுவதால் அக்குரல் மீண்டும் உயிர்பெறும். எங்கள் பிள்ளைகள் மட்டுமல்லர், பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவ என்னும் சிற்றூரில் ஆசிரியரும் மாணாக்கரும் காட்டுவழியே நடந்து பாறைமேல் ஏறிப் பாடம் நடத்தினர் என்பதை 2021இல் உலகச் செய்தித்தாள்கள் வெளியிட்டன.

இந்நிலையிற்றான் ஐந்தாந் தலைமுறை பற்றிய ஆரவாரம் எழுந்தது. தலைமுறை என்னும் சொல்லை இத்துறையினர் கையாளும் விதம் எனக்கு வேடிக்கையாக உள்ளது. மக்கள் வாழ்வில் ஒரு தலைமுறை கழிய முப்பதாண்டுகளேனும் வேண்டும். இங்கே பத்தாண்டே போதும். 1979இல் தோக்கியோவில் தொடங்கியது முதலாந் தலைமுறை. 1991இல் பின்லாந்தில் இரண்டாவது. 2001இல் யப்பானில் மூன்றாவது. 2009இல் சுவீடனிலும் நோர்வேயிலும் நான்காவது. 2019 ஏப்ரலில் தென்கொரியாவில் ஐந்தாவது. இலங்கை இதில் பின்தங்கிய நாடன்று. தெற்காசியாவின் முதற் செல்பேசிச் சேவை 1989இல் கொழும்பிலேதான் தொடங்கியது. மூன்றாந் தலைமுறை 2006இலும் நான்காவது 2013இலும் இங்கு வந்தன. ஐந்தாவதன் சோதனைகளை டயலொக், மொபிட்டல் ஆகிய இரு நிறுவனங்களும் 2018, 2019 ஆண்டுகளிலேயே நடத்திக் காட்டின. வணிகச் சேவைக்குத்தான் பின்னர் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. நாட்டின் தலைநகருக்கு ஒன்று வருவது வேறு, குளக்கட்டுக்கு வருவது வேறு.

அலையின் நீளத்தை நம் பழைய அளவைகளாற் கூறினால் இது தெளிவாகும். 700 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ ஒரு முழம். ஐந்தாந் தலைமுறைக்கு உலகெங்கும் பெரிதும் கொள்ளப்படும் 3.5 கிகாஹேர்ட்ஸ் அலை நான்கைந்து விரற்கடை. 26 கிகாஹேர்ட்ஸ் அலையோ ஒரு விரற்கடைக்கும் குறைவு. குற்றலைகள் செல்லும் அகன்ற வரிசைகளில் மிகுந்த செய்தியை விரைந்து ஏற்றலாம்; நொடிக்கு 20 கிகாபிற் என்னும் உச்ச இலக்கு அதனாற் பிறந்ததே. ஆனால் அவை சுவருக்கும் இலைக்கும் மழைக்கும் அஞ்சும். நீண்ட அலை மெல்ல நடந்து ஊர் கடக்கும். (இவற்றினும் குறுகிய அலைகளைச் சகதீச சந்திர போசு 1890களிலேயே கல்கத்தாவில் உண்டாக்கிக் காட்டினார் என்பது நம் மாணாக்கர் அறியவேண்டியது. அவர் ஓரலையால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார்.)

எங்கள் நகரமே இதற்கு நல்ல சான்று. இத்துறைமுகத்தைச் சூழ்ந்த குன்றுகள் புயற்காற்றைத் தடுத்துக் கப்பல்களைக் காப்பதனாலன்றோ போர்த்துக்கேயர் முதல் ஆங்கிலேயர் ஈறாக யாவரும் இதனை விரும்பினர்? காற்றைத் தடுத்த அதே குன்றுகள் இன்று அலையையும் தடுக்கின்றன. லிங்கநகரிலும் ஒரு வீட்டு முன்றிலில் நான்கு கோடுகளும் அதன் பின்முற்றத்தில் ஒரு கோடுமாகக் காண்பது எமக்குப் பழகிப்போன காட்சி. குற்றலை பரவும்போது கோபுரங்களை நெருக்கி நடவேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. கோபுரந்தோறும் கண்ணாடி இழையும் மின்சாரமும் சென்றாக வேண்டும், செலவு பெருகும், ஆள்தொகை குறைந்த ஊர் பட்டியலின் அடிக்குப் போகும்.

ஆயினும் ஊர்ப்புறத்தை மறவாதார் சிலரும் இருந்தனர் என்பதே நான் சொல்லவந்த செய்தி. அவர்கள் நமக்கு அயலாரும் அல்லர். ஐந்தாந் தலைமுறைக்கு உரிய இலக்கணத்தை உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்தபோது, நாட்டுப்புறத்துக்கு அது முதலில் கருதிய கோபுர இடைவெளி 1732 மீற்றர். இந்தியாவின் சார்பில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் முதலானோர் இதனை மறுத்தனர். எம் ஊர்களில் மக்கள் குதிரைவேகத்தில் விரைவாரல்லர். கால்நடையாகவும் மிதிவண்டியிலும் செல்வோரே பலர். ஆனால் ஊருக்கும் ஊருக்கும் இடைவெளி மிகுதி. ஊராட்சி மன்றத்தருகே ஒரு கோபுரம் நட்டால் சுற்றியுள்ள சிற்றூர்களையும் அது தழுவவேண்டும். ஆகவே கோபுரங்களுக்கிடையே 6000 மீற்றர் இடைவெளி இருப்பினும் சேவை குன்றாமை வேண்டும் என வாதிட்டனர். 2017இல் அச்சோதனையும் உலக இலக்கணத்தில் ஏறியது.

வாதிட்டதோடு நில்லாமல் வழியும் கூறினர். கருவியினின்று மேலேறும் அலை ஏறியும் இறங்கியும் செல்வது. அதன் உச்சத்துக்கு இடம் விட்டுவைக்கவேண்டி இருப்பதால் ஆற்றல்பெருக்கி முழு வலுவையும் செலவிட இயலாது. தேவாரம் ஓதுவார் மேற்கட்டையை எண்ணி முன்னடியில் குரலை அடக்கிக்கொள்வது போன்றது இது. அலையை ஒரே மட்டமாகச் செல்லுமாறு வடித்துவிட்டால், அதே சிறு மின்கலத்தைக்கொண்டே கருவி உரத்துப் பேசலாம். ஐந்து ஜி ஐ எனப் பெயர்பெற்ற இம்முறையை ஒன்றியம் 2020இல் ஏற்றது. 2021 இறுதியில் அது பொது இலக்கணத்தோடு இணைக்கப்பட உடன்பாடாயிற்று. தனிப்பெயர் மறைந்ததே என வருந்துவாரும் உளர். நன்னூல் தொல்காப்பியக் கருத்துகளைத் தன்னுட்கொண்டது போன்றதே இஃதென எனக்குத் தோன்றுகின்றது. கருத்து வழங்கினால் போதாதா? 2022 மே மாதத்தில், அக்கழகம் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து 220 கோடி ரூபாயில் அமைத்த ஐந்தாந் தலைமுறைச் சோதனைக்களமும் திறக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் இந்தியாவில் சேவை தொடங்கியது.

இங்கு ஒரு சொல்லாராய்ச்சி. ஒரு கோபுரம் ஆளும் நிலப்பரப்பை ஆங்கிலத்தார் செல் என்பர்; செல்பேசி என்பது அதனால் வந்தது. இலங்கைப் பாடநூல்களில் உயிரியலார் அச்சொல்லுக்குக் கலம் என்று வழங்குவர். துறைமுகத்தார்க்குக் கலம் என்றால் கப்பல். ஆறு கிலோமீற்றர்க் கலம் என்று வகுப்பில் நான் கூறியபோது பிள்ளைகள் குடாவை நோக்கிச் சிரித்தனர். அச்சிரிப்புக்காகவேனும் அச்சொல்லைக் கைவிட எனக்கு மனமில்லை.

ஆனால் இலக்கணம் நூலில் இருப்பது போதாது. எந்த நீளத்து அலை எவ்வூருக்கு என்பதை முடிவு செய்வோர், முழ அலையை ஊர்ப்புறத்துக்கும் விரற்கடை அலையை நகருக்கும் பகிர்ந்தாலன்றி அந்த ஆறு கிலோமீற்றரும் ஏட்டளவில் நின்றுவிடும். 2020 டிசம்பர் 2ஆம் நாள் புரெவிப் புயல் எங்கள் நகருக்கு வடக்கே கரையேறிய இரவில், ஊர்ப்புறத்து உறவினரின் குரல் கேட்கக் காத்திருந்த எவருக்கும் நொடிக்கு இருபது கிகாபிற் தேவைப்படவில்லை.

அந்த மாணவி பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்றுத் தன் ஊர்ப் பள்ளியிலேயே தொண்டராசிரியையாக இருக்கின்றாள். சென்ற மாதம் என்னை முகம்பார்த்துப் பேச அழைத்தாள். படம் ஒருமுறையேனும் உறையவில்லை. பின்னால் நீர் மின்னியது. நல்ல காலம் வந்துவிட்டதென மகிழ்ந்து, "வீட்டில இருந்தோ பிள்ளை கதைக்கிறாய்?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா," என்றாள், "குளக்கட்டிலதான்."