வளர்ப்பு நாயும் கருத்தடையும்

ஏரிற் பூட்டும் எருதை நலமடித்தல் யாழ்ப்பாணத்து உழவர் நெடுங்காலமாக அறிந்த வழக்கம். ஆயினும், வளவைக் காக்கும் நாய்க்கு அதனைச் செய்விக்கப் பலர் தயங்குகின்றனர். இத்தயக்கத்தின் விளைவு யாது? சண்டிலிப்பாயிலாயினும் குடாநாட்டின் வேறெவ்வூரிலாயினும், வேண்டாத பெட்டைக் குட்டிகள் சந்தையோரத்திலும் கோயில் வீதியிலும் கைவிடப்படுகின்றன. ஆகவே, கருத்தடைச் சத்திரசிகிச்சை நாயின் உடலுக்குக் கேடு செய்யுமா என்னும் வினாவுக்குத் தெளிவான விடை வேண்டும்.

இச்சிகிச்சையில் ஆணுக்கு விதைகளும், பெண்ணுக்குச் சூலகங்களும் பெரும்பாலும் கருப்பையும் அகற்றப்படுகின்றன. அதனால் இனப்பெருக்கம் நிற்பதோடு, அவ்வுறுப்புக்கள் சுரக்கும் ஓமோன்களும் அற்றுப்போகின்றன. நன்மை தீமை இரண்டிற்கும் மூலகாரணம் இதுவே.

பெண் நாய் அடையும் நன்மை பெரிது. சுவீடன் நாட்டு ஆய்வுகளின்படி, இச்சிகிச்சை பெறாத பெண் நாய்களுள் ஏறத்தாழ நான்கிலொன்று 10 வயதுக்குள் கருப்பையிற் சீழ் கட்டும் கொடிய நோய்க்கு ஆளாகின்றது. சிகிச்சை பெற்ற நாய்க்கு அந்த அச்சம் பெரும்பாலும் இல்லை. அமெரிக்காவின் ஜோர்ஜியாப் பல்கலைக்கழகத்தார் 40,000க்கு மேற்பட்ட நாய்களின் மரணப் பதிவுகளை ஆராய்ந்து, 2013ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். கருத்தடை பெற்ற ஆண் நாய்களின் ஆயுள் நூற்றுக்கு 13.8 வீதமும், பெண் நாய்களின் ஆயுள் 26.3 வீதமும் கூடியிருந்தன. தொற்றுநோயாலும் காயத்தாலும் அவை இறப்பது குறைவு. புற்றுநோயால் இறப்பதோ கூடுதல்.

தீமையும் இல்லாமலில்லை. எலும்பின் வளர்ச்சி உரிய காலத்தில் முற்றுப்பெற ஓமோன்கள் துணைசெய்கின்றன. மிக இளமையில் அவை அற்றுப்போனால், எலும்பு அளவுக்கு மேல் நீண்டு மூட்டின் அமைப்புப் பிசகலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 2013இல் கோல்டன் ரிட்ரீவர் என்னும் பெரிய இன நாய்களை ஆராய்ந்தபோது, ஒரு வயதுக்கு முன் நலமடித்த ஆண் நாய்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு இருமடங்காகக் காணப்பட்டது. ஆனால், 2020இல் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், 20 கிலோகிராமுக்குக் குறைந்த கலப்பின நாய்களில் மூட்டு நோய் மிகுந்திருக்கவில்லை. குடாநாட்டு ஊர் நாய்கள் பெரும்பாலும் இந்நிறைக்குள் அடங்குவனவே.

எனவே, ஊர் நாயை வளர்ப்போர் மூட்டு நோய்க்கு அஞ்சிப் பின்வாங்க வேண்டுவதில்லை. அல்சேஷன் போன்ற பெரிய நாயை வளர்ப்போர், வளர்ச்சி முற்றும்வரை பொறுப்பதா என்பதை மிருகவைத்தியரிடம் கேட்டறிதல் நன்று. சிகிச்சைக்குப் பின் நாய்க்கு உணவுத் தேவை குறையும். பழைய அளவிலேயே சோறிட்டால் உடல் பருத்து மூட்டுக்கள் வருந்தும். கருத்தடை விசர்நோயைத் தடுக்காது. ஆதலால் அதற்குரிய தடுப்பூசியை மிருகவைத்தியர் கூறும் காலந்தோறும் தவறாது இடுவித்தல் வேண்டும்.