லிங்கனின் முன்னோரைத் தேடி



ஆபிரகாம் லிங்கனை அறியாதவர் உங்களுள் எவரும் இரார். மரக்குடிலில் பிறந்து, அமெரிக்க நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்து, அடிமைத் தளையை அறுத்த அப்பெருமகனாரின் கதையை நாம் இளமையிலேயே படித்திருக்கிறோம். ஆனால், அந்த லிங்கனுக்குத் தம் பாட்டனாருக்கு முற்பட்ட முன்னோர் யாவர் என்பது தெளிவாகத் தெரியாது என்ற செய்தியை உங்களுள் எத்தனை பேர் அறிவீர்கள்?

1859ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, லிங்கன் தம் வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாக எழுதி அனுப்பினார். தம் பாட்டனார் வர்ஜீனியாவிலிருந்து கெண்டக்கிக்கு வந்தவர் என்றும், அவருடைய முன்னோர் பென்சில்வேனியாவில் பெர்க்ஸ் கவுண்டியில் வாழ்ந்தவர்கள் என்றும் அதில் கூறினார். கவுண்டி என்பது நம் மாவட்டத்தைப் போன்ற ஓர் ஆட்சிப் பிரிவு. அதற்கு அப்பால் அவரால் செல்ல இயலவில்லை. மாசசூசெட்ஸில் லிங்கன் என்ற பெயருடைய பழங்குடும்பம் ஒன்று இருந்தது. அதனோடு தம் குடும்பத்தை இணைத்துப் பார்க்க முயன்றபோது, மொர்தெகாய், சாலமன், ஆபிரகாம் போன்ற பெயர்கள் இரு குடும்பத்திலும் வழங்கின என்பதைத் தவிர வேறொன்றும் கிட்டவில்லை என்று அவர் எழுதினார்.

இதைப் படித்தபோது என் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. லிங்கனுக்கே தெரியாத அவருடைய முன்னோரைப் பிற்காலத்தவர் எவ்வாறு கண்டுபிடித்தனர்? அந்த வினாவைத் தொடர்ந்து சென்றபோது நான் கற்றதையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன். மனிதரின் நினைவு பெயர்களைக் காக்கிறது. நிலத்தைப் பற்றிய ஆவணம் இடத்தையும் உறவையும் காக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் ஒருவருடைய குலமுறை மெய்ப்பிக்கப்படுகிறது.

முதலில் குடும்பத்தார் காத்த குறிப்புகளைப் பார்ப்போம். அக்கால அமெரிக்கக் குடும்பங்களில் வேதப் புத்தகத்தின் இடையே உள்ள வெற்றுத்தாள்களில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை எழுதிவைப்பது வழக்கம். தந்தையார் தாமஸ் லிங்கன் 1851இல் மறைந்தபோது, குடும்ப வேதப் புத்தகத்தில் அத்தகைய குறிப்புகளை லிங்கன் தம் கையாலேயே எழுதினார். நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே எழுதப்பட்ட குறிப்பு மதிப்பு மிக்கது. பல ஆண்டுகள் கழித்துச் செவிவழியாகக் கேட்டு எழுதியதை அவ்வளவு நம்புதற்கில்லை. 

இதற்கு லிங்கன் குடும்பத்திலேயே சான்று உண்டு. லிங்கனின் பாட்டனார் பெயரும் ஆபிரகாம் லிங்கன்தான். குடிப்படையில் கேப்டனாக இருந்தவர். 1848இல் லிங்கன் காங்கிரஸ் உறுப்பினராக இருந்தபோது, ஹிங்ஹம் நகரின் வரலாற்றை எழுதிய சாலமன் லிங்கனுக்குக் கடிதங்கள் எழுதினார். தம் பாட்டனார் 1782 அளவில் கெண்டக்கிக்கு வந்து, இரண்டொரு ஆண்டுகளில் பழங்குடி மக்களால் கொல்லப்பட்டார் என்பது அவர் கேட்டறிந்த செய்தி. ஆனால் 1785ஆம் ஆண்டில் அப்பாட்டனாருக்காக நில அளவை நடந்ததை ஆவணம் காட்டுகிறது. அவர் மறைந்த ஆண்டு 1786 என்று ஆராய்ச்சியாளர் கொள்கின்றனர். நினைவு பொய் சொல்லவில்லை. ஆண்டை மட்டும் நழுவவிட்டது.

இனி நிலத்துக்கு வருவோம். குடியேற்றக் கால அமெரிக்காவில் நிலமே செல்வம்; நிலமே வாக்குரிமைக்கும் அடிப்படை. ஆகவே பள்ளிக்கூடம் இல்லாத ஊரிலும் பத்திரப் பதிவு இருந்தது. ஒரு கிரயப் பத்திரத்தில் விற்பவர் பெயர், அவருடைய ஊர், தொழில், வாங்குபவர் பெயர், நிலத்தின் எல்லைகள், அண்டை நிலத்தார், சாட்சிகள் ஆகியவை காணப்படும். அந்நிலம் விற்பவருக்கு எவ்வாறு வந்தது என்ற செய்தியும் பல பத்திரங்களில் இருக்கும். நம் ஊரில் நிலம் வாங்குவோர் தாய்ப்பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில்லையா? ‘என் தந்தை இன்னார் உயில்படி எனக்கு வந்தது’ என்று ஒரே ஒரு வரி இருந்துவிட்டால், குலமுறை ஆராய்வோருக்கு அது புதையல் கிடைத்தது போன்றது.

மனைவியின் பெயரும் பெரும்பாலும் நிலப்பத்திரத்தினால்தான் நமக்குக் கிடைக்கிறது. கணவனுடைய நிலத்தில் மனைவிக்கு வாழ்நாள் உரிமைப் பங்கு உண்டு என்பது ஆங்கிலச் சட்டம். ஆதலால் நிலம் விற்கும்போது அவள் தன் உரிமையை விட்டுக்கொடுத்ததாகப் பதிவு செய்வார்கள். கேப்டன் லிங்கன் 1780இல் வர்ஜீனியாவில் இருந்த தம் நிலத்தை விற்ற பத்திரத்தினால், அவருடைய மனைவி பெயர் பத்சேபா என்று தெரியவந்தது. அதற்கு முன் வேறொரு பெயரைக் கூறிவந்தவர்களும் உண்டு.

இத்தேடலில் தடைகளும் பல. முதலாவது, பெயரின் எழுத்து. எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு எழுதினார். கெண்டக்கியில் கேப்டன் லிங்கன் பெற்ற 400 ஏக்கர் நிலம் ‘லிங்க்ஹார்ன்’ என்ற பெயரில் பதிவாகியிருக்கிறது. லிங்கன் என்ற எழுத்தை மட்டும் தேடுபவர் அதைக் காணாமலே போய்விடுவார். இரண்டாவது, ஆட்சி எல்லை. லிங்கன் சொன்ன பெர்க்ஸ் கவுண்டி 1752இல்தான் உருவாயிற்று. அவருடைய முன்னோரான மொர்தெகாய் லிங்கன் அங்கே இறந்தது 1736இல். அன்று அப்பகுதி பிலடெல்பியா கவுண்டியைச் சேர்ந்தது. ஆகவே பெர்க்ஸ் அலுவலகத்தில் எத்தனை நாள் தேடினாலும் அவருடைய உயில் கிடைக்காது, பிலடெல்பியாவுக்குச் செல்லவேண்டும். மூன்றாவது, ஆண்டுக் கணக்கு. 1752க்கு முன் ஆங்கிலேயருடைய ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் தொடங்கிற்று. நாம் 1736 பிப்ரவரி என்று கூறும் நாள் அவர்களுக்கு 1735 பிப்ரவரி. இதை அறியாதவர், பிள்ளை பிறப்பதற்கு முன்பே தந்தை இறந்துவிட்டார் என்று கணக்கிட்டு மயங்குவார்.

இப்போது அந்த மொர்தெகாயின் உயிலைப் பார்ப்போம். அவருக்கு மனைவியர் இருவர். முதல் மனைவி ஹன்னா இறந்தபின் இரண்டாவது மணம் செய்துகொண்டார். பென்சில்வேனியாவில் தாம் வாழ்ந்த நிலத்தை இளைய மனைவியின் பிள்ளைகளுக்கு வைத்தார். மூத்தாள் மகனாகிய ஜானுக்கோ, தொலைவில் நியூ ஜெர்சியில் இருந்த 300 ஏக்கரை எழுதிவைத்தார். அந்நாளில் அந்த மூத்த மகன் மனத்தில் என்ன வருத்தம் இருந்ததோ, நாம் அறியோம். ஆனால் இந்தப் பங்கீடுதான் அறுந்துபோன சங்கிலியை நமக்கு இணைத்துத் தந்தது. பென்சில்வேனியாவில் வாழ்ந்தவருக்கு நியூ ஜெர்சியில் நிலம் எவ்வாறு வந்தது? அவர் முன்பு அங்கே வாழ்ந்தவர் என்பதுதானே பொருள்? நியூ ஜெர்சியின் பதிவேடுகளைப் புரட்டியபோது மொர்தெகாய் லிங்கன் என்ற கொல்லர் அங்கே இருந்தார்.

அவர் எங்கிருந்து அங்கு வந்தார்? மாசசூசெட்ஸில் மூத்த மொர்தெகாய் லிங்கன் என்ற கொல்லர் ஒருவர் வாழ்ந்து 1727இல் மறைந்தார். அவருடைய உயிலில் மொர்தெகாய், ஆபிரகாம் என்ற இரு மைந்தர்களுக்கும் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதே பெயர்களையுடைய இருவர் நியூ ஜெர்சியிலும் பின்பு பென்சில்வேனியாவிலும் தோன்றுகின்றனர். தொழிலும் அதே இரும்புத் தொழில். பெயர் ஒற்றுமை ஒன்றே சான்றாகாது என்று லிங்கன் தயங்கியது முறையே. ஆனால் பெயர், தொழில், காலம், உயில், நிலம் என்ற ஐந்தும் ஒரே மனிதரைச் சுட்டும்போது ஐயம் நீங்குகிறது.

மூத்த மொர்தெகாயின் தந்தை சாமுவேல் லிங்கன். 1637இல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவர். நெசவாளர் ஒருவரிடம் பணியாளாக இருந்தவர். இங்கும் ஒரு சிறு புதிர் உண்டு. கப்பல் பயணிகள் பட்டியலில் அவருக்கு வயது 18. இங்கிலாந்தில் ஹிங்ஹம் ஊர்த் தேவாலயப் பதிவேட்டின்படி அவர் ஞானஸ்நானம் பெற்றது 1622இல். அவ்வாறாயின் வயது 15ஐத் தாண்டியிராது. வயதைக் கூட்டிச் சொன்னார் போலும். அரசாங்கத் தாளில் எழுதியிருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

சாமுவேல், மொர்தெகாய், இளைய மொர்தெகாய், ஜான், கேப்டன் ஆபிரகாம், தாமஸ், ஆபிரகாம் லிங்கன். ஏழு தலைமுறை. 1909இலும் 1923இலும் வெளிவந்த ஆராய்ச்சி நூல்கள் இவ்வரிசையை விரிவாக நிறுவின. லிங்கன் 1865இலேயே மறைந்துவிட்டார். தாம் ஐயுற்ற அந்த மாசசூசெட்ஸ் குடும்பமே தம் குடும்பம் என்பதை உறுதியாக அறியும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

வெறும் பெயர்ப் பட்டியலுக்காகவா இத்தனை உழைப்பு என்று நீங்கள் கேட்கலாம். அன்று. ஒருவர் ஏன் ஏழையானார் என்பதையும் நில ஆவணம் சொல்லும். கேப்டன் லிங்கன் 1786இல் உயில் எழுதாமலே கொல்லப்பட்டார். அன்று கெண்டக்கி வர்ஜீனியாவின் பகுதி. உயில் இல்லையேல் நிலமெல்லாம் மூத்த மகனுக்கே என்பது சட்டம். அச்சட்டத்தை ஒழிக்கும் புதிய சட்டம் 1787ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. சில மாத இடைவெளியில், இளைய மகனாகிய தாமஸ் கையில் ஒன்றும் இல்லாதவரானார். எழுத்தறிவின்றி, கூலி வேலை செய்து அலைந்து வளர்ந்தார். 

பின்பு அவர் உழைத்து நிலம் வாங்கினார். அங்கும் நிம்மதி இல்லை. கெண்டக்கியில் நிலத்தின் எல்லையை மரத்தையும் ஓடையையும் பாறையையும் அடையாளமாக வைத்து எழுதினார்கள். மரம் விழுந்தால் எல்லையும் போயிற்று. ஒரே நிலத்துக்குப் பலர் உரிமை கொண்டாடினர். தாமஸ் வாங்கிய மூன்று நிலங்களிலும் வில்லங்கம் நேர்ந்தது. 1816இல் அவர் குடும்பத்தோடு இண்டியானாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே 1785ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசாங்கமே நிலத்தைச் சதுரம் சதுரமாக, சதுரம் ஒன்றுக்கு 640 ஏக்கராக அளந்து விற்றது. குடிபெயர்ந்ததற்கு அடிமைமுறையும் ஒரு காரணம். நிலவுரிமைச் சிக்கலே முதற்காரணம் என்று லிங்கனே பின்னாளில் குறித்தார்.

இன்னொரு செய்தி. லிங்கனின் பெற்றோர் முறைப்படி மணந்தவர் அல்லர் என்று பழி கூறித் திரிந்தோர் இருந்தனர். லிங்கன் பிறந்த ஹார்டின் கவுண்டியில் தேடியவர்களுக்குத் திருமணப் பதிவு கிட்டவில்லை. பழி வளர்ந்தது. 1878இல், வாஷிங்டன் கவுண்டி அலுவலகத்தின் பழங்கட்டுகளிலிருந்து 1806 ஜூன் 10ஆம் நாளிட்ட திருமணப் பிணைப்பத்திரம் வெளிப்பட்டது. ஜூன் 12இல் திருமணம் நிகழ்ந்ததென்ற பதிவும் கிடைத்தது. ஒரு தாயின் மானத்தைக் காத்த தாள், வேறொரு கவுண்டியில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் தூங்கிக்கிடந்தது. தேடிய இடத்தில் கிடைக்கவில்லை என்பதால் நிகழவே இல்லை என்று முடிவு கட்டலாகாது என்ற பாடத்தை நான் இதனின்றும் கற்றேன்.

ஆயினும் இந்த ஆவணங்கள் எல்லாருக்கும் ஒரே வகையாகப் பேசுவன அல்ல. நிலம் உடையவனைப் பற்றி அவை மிகுதியாகச் சொல்லும். அதே பதிவேடுகளில் அடிமைகள், குதிரைகளோடும் மாடுகளோடும் சேர்த்து, உடைமைகளாகவே எழுதப்பட்டனர். 1850, 1860ஆம் ஆண்டுகளின் மக்கள் கணக்கில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் உண்டு. அதில் உடையவன் பெயர் இருக்கும், அடிமையின் வயது இருக்கும், ஆனால் அடிமையின் பெயர் பெரும்பாலும் இராது. 1870ஆம் ஆண்டுக் கணக்கில்தான் அம்மக்கள் அனைவரும் பெயர் சொல்லி எழுதப்பட்டனர். ஆகவே அவர்களுடைய வழித்தோன்றல்கள் தம் பாட்டியின் பெயரை, அவளை விலைக்கு வாங்கியவனின் உயிலில் தேடவேண்டியிருக்கிறது. பத்திரங்கள் எழுதப்படுவதற்கு முன்பே அந்நிலத்தில் வாழ்ந்த பழங்குடி மக்களின் உரிமையோ எந்தப் பத்திரத்தின் எல்லைக்குள்ளும் அடங்கவில்லை. லிங்கனின் ஏழு தலைமுறையைக் கண்டு மகிழும்போது இதனையும் நாம் மறத்தலாகாது.

நண்பர்களே, முன்னோரைத் தேடப் புகுவோர் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லவேண்டும். பெருமைக்குரிய ஒருவரை முதலில் தேர்ந்துகொண்டு அவரிடமிருந்து கீழே இறங்கி வருவது வழியன்று. ஒவ்வொரு படியிலும் தாளைக் கேட்கவேண்டும். அந்தத் தாளையும் வேறொரு தாளோடு ஒத்துப் பார்க்கவேண்டும். இவ்வளவும் செய்தபின் கிடைப்பவர் மன்னராக இருக்கமாட்டார். கொல்லராக, நெசவாளராக, நிலம் இழந்த இளைய மகனாக இருப்பார். அத்தகையவர்களின் வழியில்தான் ஆபிரகாம் லிங்கன் தோன்றினார்.