நீரிழிவு நோயாளரின் இருதயத்தைக் காத்தல்

நீரிழிவு என்பது இரத்தத்தில் சர்க்கரை மிகுவதால் உண்டாகும் துன்பம் என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். ஆகையால் சர்க்கரையின் அளவு குறைந்துவிட்டால் அபாயம் நீங்கிவிட்டது என்றும் கருதுகின்றனர். உண்மை அவ்வளவு எளிதன்று. நீரிழிவு உடையோரின் உயிருக்கு முடிவு நேர்வது பெரும்பாலும் இருதய நோயினாலும் பக்கவாதத்தினாலுமே ஆகும். எனவே இந்நோயாளரைக் கவனிக்கும் ஊழியர், சர்க்கரையைக் கவனிப்பதோடு இருதயத்தையும் காத்தல் வேண்டும். அதற்குரிய வழிகளையும், பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் அவ்வழிகளுக்கு ஏற்படும் தடைகளையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடத்தப்பெற்று 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உடையோர் சுமார் 10 கோடியே 10 இலட்சம் பேர் எனக் கணித்தது. கேரளத்தில் வயது வந்தோரில் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் இந்நோய் உடையவர் என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது. 52 நாடுகளில் மாரடைப்பு நோயாளரை ஆராய்ந்து 2004ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, தென்னாசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு ஏனையோரைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே நேர்கிறது எனக் காட்டியது. குடும்பப் பொறுப்பு முற்றுப்பெறாத வயதிலேயே உழைப்பாளி வீழ்ந்துவிடுகிறான் என்பதே இதன் பொருள்.

இருதயம் பழுதுறும் விதம்

இருதயம் இரத்தத்தை உடலெங்கும் செலுத்தும் ஒரு தசை. அத்தசைக்கு வேண்டிய இரத்தம் சிறிய தமனிகள் மூலம் வருகிறது. இக்குழாய்களின் உட்சுவர் வழவழப்பான மெல்லிய தோலால் ஆனது. நெடுங்காலம் சர்க்கரை மிகுந்த இரத்தம் பாய்வதால் இத்தோல் பழுதுறுகிறது. பழுதுற்ற இடத்தில் கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருள் உட்புகுந்து படிகிறது. இரத்த அழுத்தம் மிகுந்திருப்பின் சுவர் மேலும் நைந்துபோகிறது. புகையிலை இக்கேட்டினை விரைவுபடுத்துகிறது. ஒரு நாள் அப்படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, குழாய் அடைபடுகிறது. இதுவே மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் குழாய் இவ்வாறு அடைபட்டால் பக்கவாதம் உண்டாகிறது.

சர்க்கரை, இரத்த அழுத்தம், கொலஸ்டிரால், புகையிலை ஆகிய நான்கும் ஒரே குழாயை நான்கு பக்கங்களிலிருந்து தாக்குகின்றன என்பது இதனின்றும் விளங்கும். ஒன்றை மட்டும் தடுத்து மற்ற மூன்றையும் விட்டுவிட்டால் குழாய் பிழைக்காது.

ஆராய்ச்சிகள் காட்டும் உண்மை

அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 நோயாளரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. அவர்களுள் ஒரு பகுதியினருக்குச் சர்க்கரையை மருந்துகளால் மிகக் கடுமையாகக் குறைத்துப் பார்த்தனர். அப்பிரிவில் மரணங்கள் கூடியமையால், 2008ஆம் ஆண்டில் அக்கடுஞ் சிகிச்சை இடையிலேயே நிறுத்தப்பட்டது. சர்க்கரையைக் குறைக்க வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைக் காக்கச் சர்க்கரைக் கட்டுப்பாடு இன்றியமையாதது. ஆனால் இருதயத்தைக் காக்க அது ஒன்றே போதாது.

இரத்த அழுத்தத்தின் நிலை வேறு. பிரிட்டனில் நீரிழிவோடு இரத்த அழுத்தமும் உடைய 1,148 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 1998ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அழுத்தம் நன்கு கட்டுப்படுத்தப்பட்ட பிரிவினரிடையே பக்கவாதம் 44 சதவீதமும், நீரிழிவு தொடர்பான மரணங்கள் 32 சதவீதமும் குறைந்திருந்தன. இரு பிரிவினருக்கும் இடையே இருந்த சராசரி வேறுபாடு, மேல் அளவில் 10 புள்ளிகளும் கீழ் அளவில் 5 புள்ளிகளுமே என்பது கவனிக்கத்தக்கது.

கொலஸ்டிராலைப் பற்றியும் தெளிவான சான்று உண்டு. இருதய நோய் இன்னும் தோன்றாத 2,838 நீரிழிவு நோயாளரைக் கொண்ட ஆராய்ச்சியில், நாள்தோறும் 10 மில்லிகிராம் அடார்வாஸ்டாடின் உட்கொண்டோருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருங்கேடுகள் 37 சதவீதம் குறைந்தன. இம்முடிவு 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 40 வயதைக் கடந்த நீரிழிவு நோயாளர் பெரும்பாலோர்க்கு மருத்துவர்கள் இம்மருந்தை விதிப்பதன் காரணம் இதுவே.

எல்லாவற்றையும் ஒருங்கே கவனித்தால் விளையும் பயனை டென்மார்க்கில் நடந்த ஆராய்ச்சி காட்டியது. அதில் பங்கு கொண்டோர் 160 பேரே. உணவு, உடற்பயிற்சி, புகையிலை விலக்கு, சர்க்கரை, அழுத்தம், கொலஸ்டிரால் ஆகிய அனைத்தும் ஒருசேரக் கவனிக்கப்பட்ட பிரிவில் இருதய, இரத்தக் குழாய்க் கேடுகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. 21 ஆண்டுகள் கழித்து நோக்கியபோது அப்பிரிவினரின் ஆயுள் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நீண்டிருந்தது.

ஆஸ்பிரின் பற்றி ஒரு சொல். மாரடைப்பைத் தடுக்கும் என்று கேள்வியுற்று அதனைத் தாமே வாங்கி உண்போர் உளர். இருதய நோய் தோன்றாத 15,480 நீரிழிவு நோயாளரிடம் நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2018இல் வெளிவந்தது. அதன்படி கேடுகள் 12 சதவீதம் குறைந்தன; ஆயின் பெரும் இரத்தப்போக்கு 29 சதவீதம் கூடிற்று. எனவே மருத்துவர் கூறாமல் இதனை உட்கொள்ளுதல் கூடாது. மாரடைப்பு ஏற்கெனவே வந்து மருத்துவர் விதித்திருப்பின் அதனைத் தாமே நிறுத்துதலும் கூடாது.

எல்லைப் பகுதியின் நிலை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, கோவிந்தாபுரம் முதலிய ஊர்களில் தமிழ் பேசுவோர் நிறைந்துள்ளனர். இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர் வாழ்கின்றனர். போடி, கம்பம் பகுதிகளிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் மலையேறி ஏலத் தோட்டங்களில் வேலை செய்து மாலையில் இறங்குவோரும் பலர். பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும் ஒருபுறம், தேனியும் உடுமலைப்பேட்டையும் மறுபுறம் என இம்மக்களின் உறவும் சந்தையும் மருத்துவமும் எல்லையின் இருபுறமும் பரவியுள்ளன.

இதனால் இரண்டு இடர்கள் நேர்கின்றன. முதலாவது சொல்லினால் வருவது. மலையாளத்தில் நீரிழிவை ‘பிரமேகம்’ என்று எழுதுவர். தமிழிலோ மேகம், பிரமேகம் என்னும் சொற்கள் பால்வினை நோயைக் குறித்து வழங்கி வந்தவை. சீட்டில் உள்ள அச்சொல்லைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்ட முதியவர் நாணி, சீட்டையே மறைத்துவிடக்கூடும். அதுபோன்றே, தமிழில் ‘சர்க்கரை’ என்பது வெள்ளைச் சீனியையும் குறிக்கும். மலையாளத்தில் அச்சொல் வெல்லத்தை மட்டுமே குறிக்கும். சீனிக்கு அங்கே ‘பஞ்சசார’ என்று பெயர். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர்ச் சர்க்கரை என்பது வெல்லமேயாகும். ‘பஞ்சசார வேண்டாம்’ என்று கேட்டவர் வெல்லத்திற்குத் தடையில்லை என எண்ணுவதும், ‘சர்க்கரை வேண்டாம்’ என்று கேட்ட மலையாளியார் சீனியைத் தொடர்வதும் இயல்பே. ஆகையால் ஊழியர்கள் சீனி, வெல்லம், கருப்பட்டி, தேன் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்கச் சொல்லுதல் வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து குவளைத் தேநீர் அருந்துபவர் குவளைக்கு இரு தேக்கரண்டி சீனி சேர்த்தால், அதுவே ஏறக்குறைய 40 கிராம் ஆகும் என்பதையும் கணக்கிட்டுக் காட்டலாம்.

இரண்டாவது இடர் இதனினும் பெரிது. அது மருந்தின் தொடர்ச்சி அறுபடுதல். ஒருபுறத்து மருத்துவ நிலையத்தில் ஒரு மாத மாத்திரை பெற்றவர், திருவிழாவுக்கோ திருமணத்திற்கோ மறுபுறம் சென்று தங்குகிறார். மாத்திரை தீர்ந்துவிடுகிறது. அங்குள்ள மருத்துவரிடம் காட்டச் சீட்டு இல்லை. அல்லது இருந்தும் படிக்க இயலவில்லை. சில சமயம் அதே மருந்து வேறு வாணிபப் பெயரில் தரப்படுகிறது. அவர் இரண்டையும் வெவ்வேறு மருந்தெனக் கருதி இரண்டையும் உண்கிறார். அல்லது குழப்பமுற்று இரண்டையும் விட்டுவிடுகிறார். முன்னதனால் அழுத்தமோ சர்க்கரையோ அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் வரும். பின்னதனால் அழுத்தம் மீண்டும் உயரும். அழுத்தம் உயர்வதை உடல் உணர்த்துவதில்லை. எச்சரிக்கையின்றி ஒரு நாள் பக்கவாதமே வந்து அதனை உணர்த்தும்.

இதற்குப் பரிகாரம் செலவற்றது. நோயாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு அட்டை எழுதித் தருக. அதில் நோயின் பெயர் தமிழிலும் மலையாளத்திலும் இருத்தல் வேண்டும். மெட்பார்மின், அம்லோடிபின், அடார்வாஸ்டாடின் என மருந்தின் பொதுப்பெயரும், மில்லிகிராம் அளவும், உண்ணும் வேளையும் குறிக்கப்பட வேண்டும். வாணிபப் பெயர் மட்டும் போதாது. கடைசியாக அளந்த அழுத்தமும் சர்க்கரையும் தேதியுடன் இருக்கட்டும். ஊருக்குப் புறப்படுமுன் மாத்திரை எத்தனை நாட்களுக்கு உள்ளது என எண்ணிப் பார்க்கும் பழக்கத்தையும் உண்டாக்குக. ‘அளவு சரியாகிவிட்டது, மாத்திரையை நிறுத்திவிட்டேன்’ என்போரிடம், அளவு சரியாக இருப்பது மாத்திரையினால்தான் என்பதைப் பொறுமையுடன் விளக்குக.

கள ஊழியர் கவனிக்க வேண்டியவை

அழுத்தத்தை அளக்கும் முறை பிழைபடலாகாது. மேட்டில் ஏறிக் கொழுந்து பறித்து வந்தவரை உடனே அளப்பது தவறான எண்ணைத் தரும். முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் அமைதியாக அமரச் செய்க. அதற்கு முந்திய அரைமணி நேரத்தில் தேநீரோ பீடியோ கூடாது. கை இருதயத்தின் மட்டத்தில் இருக்கட்டும். இருமுறை அளந்து குறித்துக்கொள்க. நீரிழிவு உடையோர்க்கு அழுத்தம் பொதுவாக 130/80க்குக் கீழ் இருத்தல் நலம். முதியோர்க்குரிய அளவை மருத்துவர் தீர்மானிப்பார்.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் கொலஸ்டிராலும், சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதமும் பரிசோதிக்கப்பட வேண்டும். சிறுநீரில் அப்புரதம் காணப்படுவது சிறுநீரகத்தின் பழுதை மட்டுமன்றி, இருதயத்துக்கு வரவிருக்கும் ஆபத்தையும் அறிவிக்கும். இடுப்பின் சுற்றளவு ஆடவர்க்கு 90, பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டாதிருத்தல் நன்று. உப்பு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்கு, அதாவது 5 கிராமுக்கு, மிகலாகாது. கஞ்சிக்குத் துணையான ஊறுகாயிலும் கருவாட்டிலும் அப்பளத்திலும் உள்ள உப்பும் இக்கணக்கில் சேரும். பீடி, சிகரெட் மட்டுமன்றி வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் இருதயத்துக்குப் பகையே.

மாரடைப்பின் அறிகுறி நீரிழிவு நோயாளரிடம் மாறுபட்டுத் தோன்றலாம். நரம்புகள் பழுதுற்றிருப்பதால் நெஞ்சுவலி தெரியாமலே போகக்கூடும். காரணமில்லாத மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, திடீர்ச் சோர்வு, மேல் வயிற்றில் இறுக்கம், தாடையிலோ இடக்கையிலோ வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் வாயுக் கோளாறு என்று காத்திராமல் 108ஐ அழைத்தல் வேண்டும். இடுக்கி மாவட்டத்தில் இருப்புப் பாதை இல்லை. மலைச்சாலை வழியே பெரிய மருத்துவமனையை அடைய நெடுநேரம் ஆகும். அடைபட்ட குழாயைத் திறப்பதில் ஒவ்வொரு நிமிடமும் தசையைக் காக்கிறது. மருத்துவமனை தொலைவிலுள்ள ஊர்களில் வருமுன் காத்தலே தலைசிறந்த சிகிச்சை என்பதை இதனால் உணரலாம்.

ஆசிரியர்களின் பங்கு

எல்லைப் பகுதிப் பள்ளிகளில் இரு மொழிகளையும் படிக்கத் தெரிந்த சிறுவர் பலர் உளர். லயங்களில் வாழும் பாட்டியின் அட்டையைப் படித்து, இன்று எந்த மாத்திரை, எத்தனை மிஞ்சியுள்ளது என்று சொல்ல அவர்களால் இயலும். எண்களையும் அளவைகளையும் கற்பிக்கும் பாடத்திலேயே இதனைப் பயிற்சியாகத் தரலாம். நோயின் பெயரால் எவரும் நாண வேண்டியதில்லை என்பதையும் வகுப்பில் கூறுதல் வேண்டும். 2003ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டப்படி, கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்றல் குற்றமாகும். இதனை நடைமுறைப்படுத்தும் பொறுப்பில் ஆசிரியர்க்கும் பங்குண்டு.

30 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பரிசோதனை செய்ய வேண்டுமென்பது தேசியத் திட்டத்தின் விதி. இவற்றுக்குரிய மாத்திரைகள் அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. விஞ்ஞானம் தரவேண்டியதைத் தந்துவிட்டது. அது சோதனைச் சாவடியின் இப்புறத்திலும் அப்புறத்திலும் ஒரு நாளும் விடுபடாமல் நோயாளரின் கையை அடைகிறதா என்று பார்ப்பது நம் கடமையாகும்.