இணைக்கயலும் ஒரு கோமாளி மீனும்

பாண்டியர் தம் இலச்சினையாகக் கொண்ட இணைக்கயலை வகுப்பில் விளக்கும்போதெல்லாம், "ஐயா, அவற்றுள் ஆண் எது, பெண் எது?" என மாணாக்கருள் ஒருவரேனும் வினவுவதுண்டு. அஃறிணைக்கு ஒன்றன்பால், பலவின்பால் என்னும் இரண்டே உள எனக் கூறி அவர்தம் வாயை அடைத்து வந்தேன். அவ்வினா பெரகலச் சந்தியை அடுத்த என் வீட்டுக்கே வந்து சேரும் என்று அன்று நினைத்தேனில்லை.

2019ஆம் ஆண்டு விடுமுறையில், திருகோணமலையில் ஆசிரியராயிருக்கும் என் பழைய மாணவர், கோமாளி மீன் குஞ்சுகள் இரண்டைக் கொணர்ந்து தந்தார். வெண்பட்டையும் மஞ்சள் வாலும் உடையவை. இவ்வினத்தை 1830இல் பென்னெற் என்னும் ஆங்கிலேயர், இலங்கைக் கரையோர மீன்களைப் பற்றிய தம் நூலில் விவரித்துப் பெயரிட்டார்.

மலையுச்சியில் கடலை உண்டாக்குவது எளிதன்று. லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கடலுப்புக் கலவை வேண்டும், சமையலுப்பு உதவாது. நீர் ஆவியானாலும் உப்புத் தங்கிவிடுமாதலின், குறைந்த அளவுக்கு நன்னீரே விடல் வேண்டும். பெரகல மூடுபனிக்கு மின்சூடாக்கியும் இன்றியமையாதது. மீன் கழிவின் நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகும்வரை வெறுந்தொட்டியைப் பல வாரம் காத்திருந்தோம்.

"எது ஆண்?" என்றேன்.

"இரண்டும் இன்னும் ஒன்றுமில்லை ஐயா. பெரியது பெண்ணாகும், சிறியது ஆணாகும். ஒத்த பருமனுள்ள இரண்டை விட்டால் சண்டைதான்" என்றார் மாணவர்.

அவ்வாறே ஆயிற்று. பெரியது அருகே வந்தால் சிறியது உடல் நடுங்கிப் பணிவு காட்டும். அந்நடுக்கமே அவற்றின் இல்லறத்தைக் காத்தது.

2022 மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை நீண்டது. காற்றுக்குழாய் ஓய்ந்தது. நானும் மனையாளும் முறைவைத்துச் செம்பால் தொட்டிநீரை மொண்டு மொண்டு ஊற்றினோம். இரண்டாம் நாள் விடியலில் பெரியது மிதந்தது. எஞ்சியது மூலையில் ஒதுங்கி உணவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதனைத் துயரென்று கூற எனக்குத் துணிவில்லை. துயரன்றென்று கூறவும் இல்லை.

மூன்று திங்கள் கழித்து மாணவர் சிறுகுஞ்சொன்றைக் கொணர்ந்தார். துளையிட்ட தடுப்பொன்றால் பிரித்துச் சில நாள் வைத்துப் பின்பு சேர்த்தோம். இம்முறை நடுங்கியது புதியது. பழையதோ பருத்தது. பெண் இறப்பின் ஆண் பெண்ணாக மாறுவது இவ்வினத்தின் இயல்பாம். 1977இல் ஜெர்மானிய அறிஞர் பிரிக்கே இணையர் இதனை ஆய்ந்து வெளியிட்டுள்ளனர்.

அன்றிரவு மரபியலைப் புரட்டினேன். விலங்கின் ஆணுக்கும் பெண்ணுக்கும் எத்துணைப் பெயர்கள்! கடல்வாழ் சுறவின் ஆணுக்கும் ஏறு என்னும் பெயரைத் தொல்காப்பியர் மறவாது வகுத்துள்ளார். ஆணாய் வாழ்ந்து பெண்ணானதற்குப் பெயரொன்றும் அங்கு எனக்குக் கிட்டவில்லை.

சென்ற வாரம் பெரியது ஓட்டுத்துண்டு ஒன்றை வாயால் துப்புரவு செய்துகொண்டிருந்தது. முட்டையிடுமுன் இவ்வாறு செய்யும் என்பர். அருகில் நின்ற என் பேத்தி, "தாத்தா, அவன் என்ன செய்யிறான்?" என்றாள்.

"அவள்" என்று திருத்தினேன்.