முன்னோர் நடந்த தேயிலைப் பாதை

கண்டி நகரிலிருந்து ஹந்தானை மலைக்கு ஏறும் வீதியில், 1925ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று உண்டு. இன்று அது தேயிலை நூதனசாலை. அங்கிருந்துதான் ‘பீக்கோ டிரெயில்’ என்னும் நடைபாதை தொடங்குகிறது. 22 கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட இதன் நீளம் 300 கிலோமீற்றருக்கும் அதிகம். உல்லாசப் பயணிகளுக்காக அமைக்கப்பட்ட இத்திட்டத்துக்கு ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் நிதி வழங்கின.

இதற்கெனப் புதிய வீதி எதுவும் பெரிதாக வெட்டப்படவில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் ஏற்கனவே இருந்த வண்டிப் பாதைகளும் குறுக்கு வழிகளுமே இணைக்கப்பட்டன. கொழுந்து சுமந்தவர்களும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அழைத்துச் சென்றவர்களும் தேய்த்த பாதைகள் அவை. வாசகர்களே, உங்களில் பலருடைய பெற்றோரும் பாட்டன்மாரும் அப்பாதைகளில் நடந்தவர்களே.

ஹந்தானையிலிருந்து கலஹாவுக்கும், அங்கிருந்து லூல்கந்துரவுக்கும் பாதை செல்கிறது. 1852இல் இலங்கைக்கு வந்த ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கொழும்பிலிருந்து புகையிரதம் கண்டியை எட்டியதும் அதே ஆண்டில்தான். 1869இல் கோப்பிச் செடிகளைத் தாக்கிய இலை நோய் பரவியபின், தேயிலை மலை முழுவதையும் பிடித்துக்கொண்டது. டெய்லரின் கல்லறை கண்டி மஹியாவையில் இருக்கிறது. காட்டை வெட்டிக் குழி தோண்டியவர்களுக்கோ பெயர் பொறித்த கல் இல்லை.

பின்னர் பாதை தவலந்தென்ன, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று போய், அப்புத்தளை, எல்ல வழியாகச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது.

இதற்கு முன்னரே மலையகத்துக்கு இன்னொரு நடைபாதை இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். பசியிலும் காய்ச்சலிலும் வழியில் மாண்டவர்கள் பலர். அவர்கள் வந்து 200 ஆண்டுகள் நிறைவானதையொட்டி, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நினைவு நடை நடந்தார்கள்.

அவ்வழியே வந்தவர்களின் சந்ததியினர் பின்னர் எதிர்த்திசையிலும் நடக்க வேண்டியதாயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தை அடுத்து, கண்டிப் பகுதித் தோட்டங்கள் பலவற்றில் வேலையும் லயமும் பறிபோயின. 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று காடு திருத்திப் பயிர் செய்தார்கள். போர் அவர்களை அங்கிருந்தும் பெயர்த்தது.

எனவே இப்பாதையைப் பற்றி நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இதில் வரும் பணம் யாரிடம் தங்குகிறது? பயணி ஒருவருக்கு இரவு தங்க அறை கொடுத்தால் ஒரு குடும்பத்துக்கு நல்ல வருமானம் கிடைக்கும். ஆனால் லயத்தில் வாழ்பவருக்கு அந்த அறை சொந்தமல்ல, அது தோட்டத்துக்குரியது. காணி உறுதி இல்லாதவர் வீட்டைத் திருத்த வங்கிக் கடன் பெறுவது கடினம். விருந்தினர் விடுதியாகப் பதிவு செய்வதும் கடினம். உறுதி உள்ளவரே இலாபம் காண்பார். மற்றவருக்கு மிஞ்சுவது, வாசலில் நின்று பயணிக்குக் கையசைப்பது மட்டுமே.

ஆயினும் காணி கிடைக்கும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. வழிகாட்ட நம் இளைஞர்களால் முடியும். குறுக்கு வழிகளை அவர்களைவிட அறிந்தவர் யார்? தேநீரும் ரொட்டியும் சம்பலும் விற்க மாதர் சங்கங்களால் முடியும். தனித்தனியே போட்டியிடாமல், விலையை ஒன்றாக நிர்ணயித்து, வருமானத்தில் ஒரு பங்கைப் பொதுச் சேமிப்பில் இடுவது நல்லது. காணி உறுதிக்கான கோரிக்கையையும் அந்தச் சங்கமே எழுத்தில் முன்வைக்கலாம்.

வன்னியில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் வீட்டு மூத்தவர்கள் எந்தத் தோட்டத்திலிருந்து, எந்த வழியாக வந்தார்கள் என்பதைக் கேட்டு, பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். டெய்லரின் கதை எழுதப்பட்டுவிட்டது. அவர்களுடைய கதையை நாம்தான் எழுத வேண்டும்.